நோலன் ரயன் ரூக்கி கார்டு: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஆன்லைன் ஏலத்தில் 260 டாலருக்கு விற்கப்பட்ட டாப்ஸ் நிறுவனத்தின் 1968 செட்டைச் சேர்ந்த 177ஆம் எண் பேஸ்பால் கார்டு ஒன்று போலி என்று உறுதியாகிவிட்டது. நியூயார்க் மெட்ஸ் அணியின் பந்துவீச்சாளர்கள் நோலன் ரயனும் ஜெர்ரி கூஸ்மனும் சேர்ந்து இருக்கும் ரூக்கி கார்டு, அதாவது அவர்களின் முதல் கார்டு, அது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதே படத்தைப் போட்டு மறுபடியும் விற்பனைக்கு வைத்திருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவு.

விளம்பரம் எழுதப்பட்டிருந்த விதத்தை முதலில் பாருங்கள். தாத்தாவின் ஆல்பத்தில் கிடைத்ததாம், விற்பவருக்கு பேஸ்பால் கார்டுகளைப் பற்றி ஒன்றும் தெரியாதாம், படத்தைப் பார்த்து வாங்குபவரே முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். ‘அசல்’ என்ற சொல் விளம்பரத்தில் ஓரிடத்திலும் இல்லை. முன்பக்கத்துக்கு ஒரே படம், அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் சாய்வாக வைத்து எடுத்தது. பின்பக்கப் படம் மங்கல். விலையோ அந்த நிலையில் உள்ள அசல் கார்டு போகும் விலையைவிட நன்றாகக் குறைவு. ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லிக்கொண்டவர், ரயன் கார்டுக்கு மட்டும் சரியான ஆண்டு, எண், நிலை மூன்றையும் தலைப்பிலேயே எழுதியிருந்தார்.

கார்டு வந்தது நான்கு திருகு போட்ட தடித்த பிளாஸ்டிக் பெட்டியில். திருகுகளின் மேல் ஸ்டிக்கர்: பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம். பொறியே அதுதான். பிரிக்காமல் சோதிக்க முடியாது, பிரித்தால் பணம் திரும்பாது. வாங்கியவர் பிரித்தார். விற்றவர் அதையே காரணமாகக் காட்டினார்.

போலி என்று எப்படித் தெரிந்தது? அதே 1968 டாப்ஸ் செட்டில் இருந்து யாரும் தேடாத சாதாரண ஆட்டக்காரர் ஒருவரின் கார்டைப் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். எந்த ஆண்டின் விலை உயர்ந்த கார்டை வாங்க நினைக்கிறீர்களோ, அந்த ஆண்டின் அதே செட்டில் இருந்து சில டாலருக்குக் கிடைக்கும் சாதாரணக் கார்டுகள் இரண்டு மூன்றை முதலில் வாங்கி வையுங்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே அட்டை, ஒரே மை. பெயரில்லாத ஆட்டக்காரரின் கார்டை யாரும் போலி அடிப்பதில்லை. ஆகவே அதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது.

ஒப்பிடும் விதம் இது. பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லூப் போதும், முப்பது மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. முதலில் கறுப்பு எழுத்துகளைப் பாருங்கள். அந்தக் காலத்து ஆஃப்செட் அச்சில் புகைப்படம்தான் வண்ணப் புள்ளிகளால் ஆனது. கறுப்பில் வரும் பெயரும் கோடும் புள்ளியில்லாமல் திட்டமான கறுப்பு மையாக விழும், ஓரம் கூர்மையாக இருக்கும். போலி அடிப்பவர் கார்டை முழுதாக ஸ்கேன் செய்து மறுபடி அச்சடிக்கிறார். அப்போது எழுத்தும் புள்ளிகளாக உடைந்துவிடும். மேற்படி கார்டில் ரயனின் பெயர் எழுத்துகளைச் சுற்றி நீலமும் சிவப்பும் புள்ளிகளாகக் கசிந்திருந்தன. 1968 செட்டின் ஓரம் சாக்குத் துணி நெசவுபோல இருக்கும். இந்த நெசவு போலிக்காரருக்குப் பெரிய தலைவலி, ஏனென்றால் ஸ்கேனில் அது குழைந்து போகும். சாதாரணக் கார்டில் இழை இழையாகத் தெரிந்த நெசவு, ரயன் கார்டில் வெறும் பழுப்புக் கறையாக இருந்தது.

அடுத்து பின்பக்கம். அசல் கார்டின் பின்பக்கத்தில் பளபளப்புப் பூச்சு கிடையாது. சாய்வான வெளிச்சத்தில் அட்டையின் நார் தெரியும், விரலுக்குச் சொரசொரப்பாகப் படும். போலி வழுவழுப்பு. பிறகு இரண்டையும் ஒரே டார்ச்சின் முன் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவும் அளவு ஒத்துப்போக வேண்டும். கடைசியாக இருட்டறையில் புற ஊதா டார்ச். இன்றைய தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீலவெண்மையாக ஒளிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டு அப்படி ஒளிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 1950, 60களின் கார்டுகளுக்கு இந்தச் சோதனையைத் தனியாக நம்ப வேண்டாம். சாதாரணக் கார்டு எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் இதுவும் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழசாக்கும் வேலையும் நடக்கிறது. தேயிலைத் தண்ணீரில் நனைப்பது, மூலைகளை உப்புத்தாளில் தேய்ப்பது, நடுவில் ஒரு மடிப்பு விடுவது. உண்மையில் கைபட்டுத் தேய்ந்த கார்டில் நான்கு மூலைகளும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மழுங்கியிருக்கும், ஒன்றில் அட்டை அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். நான்கும் ஒரே அளவில் உருண்டிருந்தால் அது காலம் செய்த வேலை அல்ல.

ரயன் மட்டும் குறி அல்ல. 27 பருவங்கள், 5,714 ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமல் மட்டையாளரை வெளியேற்றுவது), ஏழு நோ ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) என்று நிற்பவரின் முதல் கார்டு கையில் வேண்டும் என்று ரசிகர் ஏங்குவது இயல்பு. அந்த ஏக்கம் இருக்கும் இடமெல்லாம் போலி இருக்கிறது. பீட் ரோஸின் 1963 டாப்ஸ் 537 இன்னும் ஆபத்தானது. அதில் நான்கு சிறு முகங்கள், அவற்றில் ஒன்று ரோஸ். அதன் போலிகள் 1980களிலேயே சந்தைக்கு வந்துவிட்டன. அந்தப் போலிகளுக்கே இப்போது நாற்பது வயது, தானாகவே பழுத்திருக்கின்றன. ‘பழசாகத் தெரிகிறது’ என்பது அங்கே எதற்கும் சான்றாகாது.

மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் 311 என்றால் அளவுகோலே போதும். 2022இல் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்குப் போன கார்டு அது. அசலின் அளவு 2⅝ அங்குலத்துக்கு 3¾ அங்குலம், அதாவது சுமார் 66.7க்கு 95.3 மில்லிமீட்டர். டாப்ஸ் நிறுவனமே 1983இல் அந்த செட்டை மறுபதிப்புச் செய்தது, ஆனால் இன்றைய வழக்கமான அளவான 63.5க்கு 88.9 மில்லிமீட்டரில். மறுபதிப்பு என்று பின்பக்கம் இருக்கும் வரியைச் சுரண்டிவிட்டு விற்பவர்கள் உண்டு. சுரண்டிய இடத்தில் அட்டை மெலிந்திருக்கும், டார்ச்சில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

கென் கிரிஃபி ஜூனியரின் 1989 அப்பர் டெக் (இன்னொரு கார்டு நிறுவனம்) முதல் எண் கார்டுக்குப் போலியிடம் சிக்க வேண்டிய தேவையே இல்லை. அது ஏராளமாக அச்சான கார்டு. கார்டுகளைச் சோதித்துத் தரம் போடும் (கிரேடிங்) பிஎஸ்ஏ நிறுவனத்தின் உச்ச தரமான 10 பெற்றவை மட்டுமே நான்காயிரத்துக்கு மேல். பின்பக்க ஹாலோகிராமைச் சாய்த்துப் பார்த்தால் உருவம் நகர வேண்டும். போலியில் அது வெறும் வெள்ளித்தாள்போல அசையாமல் கிடக்கும்.

டெரிக் ஜீட்டரின் 1993 எஸ்பி செட் 279ஆம் எண் கார்டில் சிக்கல் வேறு. முன்பக்கம் முழுதும் படலம் ஒட்டியது என்பதால் ஓரங்கள் மிக எளிதில் உதிரும். உதிராத ஓரத்தோடு கிரேடிங் செய்யாமல் ஒன்று வந்தால் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவி வைத்து அளந்துவிடுங்கள், ஓரத்தை வெட்டிச் சீர்செய்திருக்கலாம். வெட்டிய விளிம்பு மற்ற மூன்றைவிடப் புதிதாக, பிளேடு போட்டதுபோல் இருக்கும். அதே செட்டின் சாதாரணக் கார்டோடு அடுக்கிப் பிடித்தால் ஒரு மயிரிழைக் குறைவும் தெரியும். இந்தத் திருட்டு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. பிஎஸ்ஏ 8 தரம் பெற்ற புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் கார்டின் (டி206 என்ற பழைய சிகரெட் பெட்டிக் கார்டு வரிசை) ஓரத்தைத் தான் வெட்டியதாக, ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

கிரேடிங் செய்த ஸ்லாப், அதாவது தரம் போட்டு நிறுவனமே மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டி, என்றால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். சான்றிதழ் எண்ணைத் தளத்தில் அடித்துப் பார்ப்பது முதல் படி மட்டுமே, ஏனென்றால் போலிக்காரர் உண்மையான ஒரு எண்ணைத்தான் நகலெடுப்பார். தளத்தில் அந்தக் கார்டின் படம் இருந்தால் வெள்ளை ஓரங்களின் அகலம், அச்சுப் புள்ளி, மூலைச் சிராய்ப்பு மூன்றையும் கையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஸ்லாபின் விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வெண்மையாகப் பூத்திருந்தாலோ, பசை காய்ந்த கோடு தெரிந்தாலோ, அசல் ஸ்லாபைத் திறந்து உள்ளிருந்ததை மாற்றியிருக்கிறார்கள். யாரும் கேள்விப்படாத கிரேடிங் பெயரோடு, எல்லாக் கார்டுக்கும் 10 போட்டு வருவனவற்றைக் கிரேடிங் செய்யாத கார்டாகவே மதிப்பிடுங்கள்.

கையெழுத்துப் பந்துகளைப் பற்றி ஒரு வரி. 1990களின் இறுதியில் எஃப்பிஐ நடத்திய ஆபரேஷன் புல்பென் விசாரணையில் பிடிபட்ட கும்பல் அன்னை தெரசாவின் கையெழுத்தைக்கூடப் பேஸ்பால் பந்தில் போட்டு வைத்திருந்தது. விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வெறும் காகிதம்.

பணம் அனுப்பும் முறையில்தான் பலர் மீட்க முடியாதபடி மாட்டுகிறார்கள். நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். பேபாலில் அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. பொருளுக்கான கட்டணமாக அனுப்பியிருந்தால் 180 நாட்களுக்குள் புகார் தொடங்கலாம். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டில் தொடங்கி கார்டு வெளிவரும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். திருகுப் பெட்டியில் வந்தால் திருகைத் தொடும் முன் ஏல தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே விற்பவருக்கு எழுதுங்கள்: அச்சைச் சோதிக்கப் பெட்டியைத் திறக்கிறேன், ஆட்சேபம் உண்டா என்று. இந்த ஒரு வரி இருந்திருந்தால் மேற்படி புகாரில் விற்றவரின் சாக்கு நின்றிருக்காது. புகாரில் ‘திருப்பி அனுப்ப விரும்புகிறேன்’ என்று எழுத வேண்டாம், ‘விவரித்தபடி இல்லை, போலி’ என்று எழுதி லூப் வழியாக எடுத்த படங்களைச் சாதாரணக் கார்டின் படங்களோடு ஜோடியாகச் சேருங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், தபாலில் வந்திருந்தால் தபால் புலனாய்வுத் துறையிலும் பதிவு செய்யலாம்.

மறுபடி வந்திருக்கும் விளம்பரத்தை அடையாளம் காண: கூஸ்மனின் தொப்பிக்கு மேலே ஓரத்தில் ஒரு சிறு வெள்ளைக் கீறல், பெட்டியின் வலது கீழ்த் திருகில் துரு, பின்னணியில் பச்சை மேஜைவிரிப்பு. தொடக்க விலை இப்போது 220 டாலர்.