பி.எம். கிசான்: எல்லையோர விவசாயிக்கு எவ்வளவு உதவுகிறது?

பி.எம். கிசான் என்பது நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை: வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. 2019-ல் தொடங்கிய இந்தத் தொகை இன்னும் ஏறவில்லை. ஆனால் பணம் நேராகக் கணக்குக்கு வருகிறது. அதற்கு மட்டும் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்குத் தவணை நிற்பதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும், கரம் (நில வரி) கட்டிய ரசீதிலோ மலையாள எழுத்தில் வேறு மாதிரி. முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு, மற்றதை அதற்கு ஒத்துப்போக மாற்றுவதே நல்லது.

இன்னொரு சிக்கல்: நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்குக்குத்தான் பணம் வரும் என்றில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அங்கே போய்விடும். "பணமே வரலை" என்று கிருஷி பவனுக்கு (வேளாண் அலுவலகம்) நடப்பதற்கு முன்னால் பழைய பாஸ்புக்கை எல்லாம் பதிந்து பாருங்கள்.

இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக நீங்கள்தான் என்று உறுதிசெய்வது, கட்டாயம். ஆதாரில் மொபைல் எண் இருந்தால் வீட்டிலிருந்தே ஓடிபி போதும். மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்தவர்கள் அக்ஷயா மையத்தில் (கேரளத்தின் இ-சேவை மையம்) விரலை அழுத்தி அழுத்திச் சலித்துப்போக வேண்டாம், பி.எம். கிசான் செயலியில் முகம் காட்டியே முடிக்கலாம்.

பெரிய குறை, நிலம் பெயரில் இல்லாத குத்தகைக்காரருக்கு ஒரு பைசா கிடையாது. வரப்பில் நிற்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர்.

விவரம் கேட்க 155261.