பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஆட எந்த விளையாட்டு? கோத்தகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

கோத்தகிரியில் நாலைந்து குடும்பங்களைக் கூட்டி ஒரு நாள் நிகழ்ச்சி வைத்தால், காலையில் ஹால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். அப்பாக்கள் சுவரோரம், அம்மாக்கள் டீ பிளாஸ்க் பக்கம், பிள்ளைகள் கடைசி வரிசையில் போனோடு. முதல் விளையாட்டு சரியாக அமையாவிட்டால் மதியச் சாப்பாடு வரை யாரும் இடம் மாற மாட்டார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பதினைந்து வயதுப் பிள்ளை, தன் அப்பா அம்மா முன்னால் கூனிக் குறுகாமல் இதை ஆட முடியுமா?

ஓடும் விளையாட்டுகளை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். இங்கே சமதரை கிடைப்பதே அபூர்வம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. திருப்பூரிலிருந்து காலையில் ஏறி வந்த அப்பாவைக் கோகோ ஆடச் சொன்னால் பாவம், மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் புல்லும் வழுக்கும்.

மனித முடிச்சு எல்லாரும் சொல்வது. எட்டுப் பத்துப் பேர் வட்டமாக நின்று, எதிரில் இருப்பவர்களின் கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு, கையை விடாமல் சிக்கலை அவிழ்க்க வேண்டும். பிள்ளைகள் மட்டும் என்றால் ரகளைதான். ஆனால் ஒரு பெண் குழந்தை, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் அப்பாவோடு கைகோத்து உரசிக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்காவிட்டாலும் அங்கே வாய் திறந்து சொல்லாது. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். போதாததற்கு, சில முடிச்சுகள் எவ்வளவு முயன்றாலும் ஒரே வளையமாகப் பிரியாது.

பாட்டுக்குப் பாட்டில் ஆபத்தில்லை. பெரியவர்கள் ஓர் அணி, பிள்ளைகள் ஓர் அணி என்று மட்டும் பிரிக்காதீர்கள். பழைய பாட்டா புதுப் பாட்டா என்ற சண்டையில் போய் நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டியில் வைத்துக்கொள்ள நல்ல விளையாட்டு.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

இரண்டு நிஜம் ஒரு பொய்: தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும், எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அந்நியர்களுக்கு நடுவே அருமையாக எடுபடும். தன்னைப் பற்றிப் பேசுவது நெருக்கத்தை வளர்க்கும் என்பதும் நிஜம்தான். 1997-ல் ஆர்தர் ஆரனும் சக உளவியலாளர்களும் வெளியிட்ட ஆய்வில், 36 கேள்விகளை மூன்று பகுதிகளாக்கி, முன்பின் அறியாதவர்களை ஜோடி ஜோடியாகப் பேசவைத்தார்கள். சாதாரணக் கேள்வியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் போகும். இருவருமே பதில் சொல்ல வேண்டும். ஆனால் நம் ஹாலில் அந்தப் பக்குவத்துக்கு இடமேது? அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, பையன் "கிளாஸ் கட் அடித்துவிட்டு தொட்டபெட்டா போனேன்" என்று சொல்வானா? "எனக்குப் பிரியாணி பிடிக்கும்" என்று முடித்துக்கொள்வான். மீறிச் சொன்னால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விசாரணைதான்.

முதுகோடு முதுகு ஓவியம் அப்படியில்லை. இருவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒருவர் கையில் ஒரு படம், மற்றவர் கையில் வெள்ளைத்தாளும் பென்சிலும். படத்தில் இருப்பது என்ன பொருள் என்று சொல்லாமல், கோடும் வட்டமுமாக விவரிக்க வேண்டும். கேட்பவர் அதை வரைய வேண்டும்.

"ஒரு கோடு போடு."

"நிக்கிற கோடா, படுத்த கோடாப்பா?"

"நிக்கிற கோடுதான்... இல்ல, கொஞ்சம் சாய்ஞ்சு."

"எந்தப் பக்கம் சாய்ஞ்சு?"

இந்த இடத்தில் அந்த அப்பா படத்தைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். மகளின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. பிறகு இடம் மாறி மகள் சொல்ல, அப்பா வரைவார். "புரியலையே, திரும்பச் சொல்லு கண்ணு" என்று அவர் கேட்கும்போது அதட்டல் எதுவும் மிச்சமிருக்காது. குடையை நினைத்து வரைந்தது காளானாக வந்தால் சிரிப்பு தாளைப் பார்த்துத்தான், ஆளைப் பார்த்தல்ல. யாருடைய ரகசியமும் வெளியே வராது. எனக்கு இதைவிட நல்ல முதல் விளையாட்டு தெரியாது.

கூட்டத்தில் படுகர் குடும்பங்கள் இருந்தால் இன்னொன்றும் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் தாத்தா முதல் பேரன் வரை வட்டத்தில் சேர்ந்து ஆடுவார்கள். அவர்கள் முன்வந்து சொல்லிக்கொடுத்தால், மற்றவர்களும் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே காலை எடுத்து வைத்துவிடலாம். இதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூச்சம் விடாத காலையில் யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

ஓவியத்துக்கு முதல் சுற்றில் சொந்தப் பிள்ளையோடு ஜோடி போடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் எல்லாரும் பொறுமையாகத்தான் பேசுவார்கள். அந்தப் பொறுமை ஆறுவதற்குள், இரண்டாவது சுற்றில் சொந்த ஜோடியை உட்காரவையுங்கள். ஜோடிக்கு இரண்டு படம், படத்துக்கு ஐந்து நிமிடம். அப்புறம் டீ.