பக்கம் நகராமல் ஃபார்ம் அனுப்பிய எட்டு தீபாவளிகள்

ஒரு இனிப்புக் கடையின் தீபாவளி ஆர்டர் ஃபார்மை எட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். முதலில், பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் தகவல் அனுப்ப, ஜேகுவரி (jQuery) என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் அஜாக்ஸ். மூன்று வருடம் கழித்து அதைக் கழற்றிவிட்டு, பிரவுசரிலேயே இருக்கும் ஃபெட்ச் (சர்வருக்கு அனுப்ப), ஃபார்ம்டேட்டா (நிரப்பியதைத் திரட்ட). சப்மிட் ஆகும்போது, பிரவுசர் வழக்கம்போல் பக்கத்தை மாற்றுவதைத் தடுக்கும் பிரிவென்ட்டிஃபால்ட் போட்டால் பக்கம் நின்ற இடத்தில் நிற்கும். ஃபார்மை அப்படியே ஃபார்ம்டேட்டாவில் போட்டு ஃபெட்சிடம் கொடுத்தால் போய்விடும். பத்து வரிகூட வராது.

முதல் தீபாவளியிலேயே கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, ஒரே ஆள் நாலு தடவை ரெண்டு கிலோ மைசூர்பாகு கேட்டிருக்காரே, நெசமாவே எட்டு கிலோவா?" பட்டனை அழுத்தியவருக்குத் திரையில் ஒன்றுமே அசையவில்லை, மனுஷன் மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். பழைய முறையில் மேலே சுற்றும் வளையத்தைப் பார்த்தாவது காத்திருப்பார். அதைப் பிடுங்கிய நான் அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

சரி என்று, அழுத்தியதும் ஃபார்ம் முழுவதையும் டிஸேபிள் செய்தேன். அடுத்த கூத்து: சர்வருக்குக் காலி ஃபார்ம் வந்தது. டிஸேபிள் ஆன பெட்டிகளை ஜேகுவரியும் எடுக்காது, ஃபார்ம்டேட்டாவும் எடுக்காது. தகவலை எடுத்த பிறகுதான் பூட்ட வேண்டும். இப்போது பட்டனை மட்டும் பூட்டி, 'அனுப்புகிறோம்…' என்று அதன்மேல் காட்டுகிறேன். ஃபார்ம் திறக்கும்போதே ஒரு எண்ணும் ஒட்டிவிடுகிறேன். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புது ஆர்டராகப் பதியாது.

ஃபெட்ச் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. சர்வர் 500 (உள்ளே கோளாறு) என்று கையை விரித்தாலும் அது, பிழையைக் கவனிக்கும் கேட்ச் பக்கம் போகாது. சர்வரை எட்டவே முடியாவிட்டால்தான் போகும். ஜேகுவரியில் தானாக எரர் பக்கம் போய்விடும். அந்தப் பழக்கத்தில், ஃபெட்சுக்கு மாறிய வருடம் ரெஸ்பான்ஸில் 'ஓகே' இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டுவிட்டேன். ஒரு மாலை முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் 'ஆர்டர் கிடைத்தது, நன்றி' என்று காட்டியிருக்கிறது. ஒன்றுகூடப் பதியவில்லை. அன்று கடைக்காரர் தம்பி என்று கூப்பிடவில்லை.

படம் ஏற்றும் இடத்தில் மட்டும், 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் முதல் வடிவம் வந்த எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் (ஃபெட்சுக்கு முந்தைய, பின்னணியில் அனுப்பும் கருவி) வழிதான் இன்னும். எத்தனை சதவீதம் ஏறியது என்று அது சொல்லும், ஃபெட்ச் சொல்லாது.

ஃபார்மின் ஆக்‌ஷன், மெத்தட் (எங்கே, எப்படி அனுப்புவது என்று பிரவுசருக்குச் சொல்பவை) இரண்டையும் நீக்கவில்லை. சிக்னல் மோசமாகி ஸ்கிரிப்ட் வந்து சேராத போன்களிலிருந்து, பக்கம் முழுக்க ரீலோட் ஆகி, பழைய வழியிலேயே ஆர்டர் வந்துகொண்டுதான் இருக்கிறது.