எலாஸ்டிக்கா, பிளாஸ்டிக்கா? ஒரு கேப்பர் மலைச் சரிவுக் கணக்கு

கடலூர் கேப்பர் மலையில் செம்மண்ணை வெட்டி ஒரு சரிவு. அதன் அடியில் கட்டடம் வர வேண்டும். சரிவு நிற்குமா என்று கணக்குப் போடும் ஆர்எஸ்2 மென்பொருளில் மாடல் போட உட்கார்ந்தால் ஒவ்வொரு மண்ணுக்கும் அது கேட்கிற கேள்வி: எலாஸ்டிக்கா, பிளாஸ்டிக்கா?

முழுக்க எலாஸ்டிக் என்றால் கணக்கு சட்டென்று முடியும். ஆனால் எவ்வளவு பாரம் வந்தாலும் மண் உடையாது. ஸ்ட்ரெங்த் ஃபேக்டர் (மண்ணின் பலத்துக்கும் அதன் மேல் வரும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) 1-க்குக் கீழே போன இடத்தைக் காட்டும், அதோடு சரி. பிளாஸ்டிக்கில் அந்த இடம் முடிந்த மட்டும் தாங்கிவிட்டு, மீதியைப் பக்கத்து மண்ணிடம் தள்ளிவிடும். நிஜத்தில் சரிவு சரிவதும் அப்படித்தான்.

உண்மையான போட்டி, முழு பிளாஸ்டிக்குக்கும் பாதிக்குப் பாதிக்கும்தான், அதாவது சில இடம் எலாஸ்டிக், மீதி பிளாஸ்டிக். நானும் பாதிக்குப் பாதி பண்ணிப் பார்த்தேன். இந்தச் செம்மண் காய்ந்தால் செங்குத்தாக நிற்கும், ஐப்பசி மழை பிடித்தால் ஓடை ஓடையாக அரித்துக்கொண்டு இறங்கும். அதனால் ஈரமண்ணுக்குக் கோஹிஷனை (மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பலம்) ஏறக்குறைய பூஜ்யமாக வைத்தேன். முகப்பு ஓரத்து எலிமென்ட்கள் (மாடலைப் பிரித்த சின்னக் கட்டங்கள்) முதலில் உடைந்து, கணக்கு லேசில் கன்வெர்ஜ் ஆகவில்லை, அதாவது ஒரு விடையில் வந்து நிலைக்கத் தடுமாறியது. சரி, முகப்பின் மேல்தோல் ஒரு மீட்டரை மட்டும் எலாஸ்டிக் ஆக்குவோம் என்று மாற்றினேன். உடனே ஓடியது. பாதுகாப்புக் காரணியும் (1-க்குக் கீழே போனால் சரிவு நிற்காது) 1.1-இலிருந்து 1.4-க்கு ஏறியது.

சந்தோஷம் ஷியர் ஸ்ட்ரெயின் படத்தை, அதாவது மண் எங்கே சறுக்கி நெளிகிறது என்று காட்டும் படத்தை, திறக்கும் வரைதான். வளைந்து வந்த சிவப்புப் பட்டை எலாஸ்டிக் தோலருகே கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தது. அந்தத் தோல் உடையாது, இழுவிசையையும் தாங்கும். மண்ணின் பெயரில், காசில்லாமல் ஒரு கான்கிரீட் பூச்சு போட்டிருக்கிறேன்!

அதனால் சறுக்கல் போகக்கூடிய வழியில் எங்கும் எலாஸ்டிக் வைப்பதில்லை. தூரத்து அடிமண்ணுக்கும் கான்கிரீட் சுவருக்கும் வைக்கலாம். அங்கேயும் எல்லைக்கோட்டை இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு முறை ஓட்டுவேன்; காரணி அசைந்தால் கோடு ரொம்பக் கிட்டே இருக்கிறது. முகப்பு உதிர்ந்து தொல்லை கொடுத்தால் அங்கே மட்டும் 2, 3 கிலோபாஸ்கல் கோஹிஷன் கொடுப்பேன். அதையாவது அறிக்கையில் வெளிப்படையாக எழுதலாம்.

உப்பனாற்று ஓரக் களிமண்ணில் நான் செய்தது இரண்டே வேலை. அங்கே சறுக்கலைவிட அமிழ்வுதான் பிரச்சினை. எலாஸ்டிக்-பிளாஸ்டிக் தேர்வைவிட எந்த விறைப்பு எண்ணைக் கொடுக்கிறோம் என்பது பெரிதாகத் தெரிந்தது. இரண்டு வேலையை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

கேப்பர் மலை வேலை முழு பிளாஸ்டிக்கில்தான் போனது. ஓடி முடிவதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டு வரலாம். 1.1-ஐ வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாதே, சரிவை இன்னும் படுக்க வைத்தோம். உரிமையாளருக்கு இடம் குறைந்ததில் வருத்தம்தான்.