எடை குறைக்கிற டீ: கூரியர் டப்பாவா, க்ரீன் டீயா, ஆவாரம்பூவா?

கீழக்கரை, மண்டபம் பக்கம் நிறைய வீடுகளில் இப்போது ஒரு 'ஸ்லிம் டீ' டப்பா இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொல்லி கூரியரில் வரவழைப்பது. அதுக்குப் போட்டி மளிகைக்கடை க்ரீன் டீயும் நாட்டு மருந்துக்கடை ஆவாரம்பூவும்.

முதலில் டப்பா. பின்பக்கம் சென்னா, நிலவாகை என்று இருந்தால் அது பேதி மருந்து. நம்ம ராமநாதபுரம், தூத்துக்குடி மானாவாரிக் காடுகளில் விளைந்து கப்பலேறும் அதே இலைதான். மலச்சிக்கலுக்கு நிலவாகைச் சூரணம் கொடுப்பது சித்த மருத்துவத்தில் உண்டு, அது சரி. எடை குறைய தினமும் குடிப்பதுதான் ஆபத்து. இந்த இலை வேலை செய்வது பெருங்குடலில். தின்ற சோற்றின் சத்து அதுக்கு முன்னாடியே சிறுகுடலில் உடம்போடு சேர்ந்துவிடும். அதனால் மறுநாள் மெஷினில் குறைந்து தெரிவது தண்ணீரும் மலமும்தான், கொழுப்பு அப்படியே இருக்கும். தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். சித்திரை வெயிலில் கருவாடு காயப்போட்டு வேர்த்துக் கொட்டுகிறவர்கள், அதிலும் பிரஷருக்கு நீர் மாத்திரை போடுகிறவர்கள் இதைக் குடித்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மலச்சிக்கலுக்கே குடித்தாலும், டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்தைத் தாண்டவே கூடாது.

லேபிளே இல்லாத பொடி இதைவிட மோசம். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, 2011ல் இந்தியாவிலும் தடையான சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்தை 'மூலிகை' என்று விற்ற சரக்கில் பல நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். குடித்ததும் பசியே எடுக்கவில்லை, வாய் வறளுது, படபடப்பா இருக்கு, தூக்கம் வரலை என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

க்ரீன் டீயால் எடை குறைவது சொற்பம்தான், ஆனால் ஒன்றிரண்டு கப்பில் பயமில்லை. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். காப்ஸ்யூலாக விற்கும் க்ரீன் டீ சாறு வேறு சங்கதி, அதனால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

ஆவாரம்பூவும் கொழுப்பைக் கரைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொடியாக்காத பூவைக் கையில் எடுத்துப் பார்க்க முடியும், எனக்கு அது பெரிய விஷயம். மஞ்சள் மங்கிக் கறுத்திருந்தாலோ முகர்ந்தால் பூஞ்சை வாடை வந்தாலோ வாங்காதீர்கள். நம்ம கடற்காற்று ஈரத்தில் திறந்த சாக்கில் கிடக்கும் பூவில் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும்.

பாக்கெட் என்றால் 14 இலக்க உணவு உரிம எண்ணோ ஆயுஷ் உரிம எண்ணோ கட்டாயம் பாருங்கள். அது தயாரிப்பாளருக்குக் கொடுத்த அனுமதி, எடை குறையும் என்பதற்குச் சான்று இல்லை. என் வாக்கு க்ரீன் டீக்கும் முழுப் பூவுக்கும்தான். டப்பா டீயை ஏற்கெனவே மாசக்கணக்கில் குடித்து, கெண்டைக்கால் இழுப்பு, கைகால் சோர்வு, படபடப்பு என்று இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.