வென்ட்டைச் சுற்றிக் கறுப்பு: பூசணமா, புகையா? எந்தச் சோதனைக்குக் காசு கொடுக்கலாம்?

டெக்சாஸின் ஹூஸ்டனில் மே மாதம் ஓட ஆரம்பிக்கிற ஏசி அக்டோபர் வரை ஓயாது. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏசியின் உள் யூனிட் சீலிங்குக்கு மேலே, அட்டிக்கில் கிடக்கும். அங்கிருந்து வெள்ளிக் காகிதம் சுற்றிய யானைத் துதிக்கைகள் போல டக்டுகள், அதாவது குளிர்காற்றுக் குழாய்கள், அறை அறையாகப் பிரிந்து போகும். அவை சீலிங்கில் வந்து திறக்கும் வாய்தான் வென்ட். வெயில் நாளில் அட்டிக்கின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தொடும். டக்டுக்குள் ஓடுவதோ 13 டிகிரிக் காற்று. நடுவில் இருப்பது இரண்டங்குலக் கண்ணாடிப் பஞ்சுதான். பஞ்சு எங்கே விலகினாலும் அங்கே மோர்ச்சொம்பு மாதிரி வியர்த்துவிடும். வியர்வையோடு தூசியும் சேர்ந்தால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் வந்தபோது இந்த வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. எங்களுக்கு வர நான்கு நாளாயிற்று. ஏசியைப் போட்ட முதல் நிமிடமே ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை. அப்போதுதான் படுக்கையறை வென்ட்டைச் சுற்றியிருந்த கறுப்பும் கண்ணில் பட்டது. "ஏங்க, இது முன்னாடியே இருந்துச்சா?" என்று மனைவி கேட்டாள். எனக்கு நினைவில்லை.

சரி, கண்டுபிடிப்போம் என்று இறங்கினால் வழி ஐந்து இருக்கிறது. ஐந்தும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பது காசு போன பிறகுதான் புரிந்தது.

முதலில், டக்ட் சுத்தம் செய்கிறவர்களின் இலவசப் பரிசோதனை. 99 டாலர் கூப்பனோடு வந்தவர் வென்ட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். "கறுப்புப் பூசணம் சார், 2,400 டாலர் ஆகும்" என்றார். படத்தில் இருந்தது எங்கள் வீட்டு டக்ட்தானா என்றே தெரியவில்லை. சுத்தம் செய்து சம்பாதிக்கிறவர் 'அழுக்கில்லை' என்று சொல்வார் என எதிர்பார்க்க முடியுமா? டெக்சாஸ் சட்டமே இதை யோசித்திருக்கிறது. பூசணத்தை மதிப்பிடுகிறவரும் அகற்றுகிறவரும் தனித்தனி உரிமம் பெற வேண்டும். ஒரே வேலையில் ஒரே நிறுவனம் இரண்டையும் செய்யக் கூடாது. 2017 நவம்பரிலிருந்து இந்த உரிமங்களை மாநில உரிமத் துறையான டிடிஎல்ஆர் கவனிக்கிறது. தொடர்ச்சியாக 25 சதுர அடிக்குக் குறைந்த பூசணத்தை அகற்ற உரிமம் வேண்டாம் என்ற விலக்கும் உண்டு. விலக்கு இருக்கட்டும், பார்க்கிறவரும் விற்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதை நாம் நம் வீட்டுக்குள் கடைப்பிடிக்கலாமே.

இலவசத்துக்கு அடுத்த மலிவு, கடையில் விற்கும் தட்டுச் சோதனை. ஜெல் ஊற்றிய வட்டத் தட்டை வென்ட் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு, மூடி, சில நாள் காத்திருக்க வேண்டும். கட்டாயம் ஏதாவது முளைக்கும். பூஞ்சை வித்துகள் காற்றில் இல்லாத வீடே கிடையாது. பட்டினத்தில் வைத்தாலும் முளைக்கும், பாலைவனத்தில் வைத்தாலும் முளைக்கும். எப்போதும் 'ஆமாம்' என்றே சொல்கிற சாட்சியை வைத்துக்கொண்டு என்ன வழக்கு நடத்துவது? இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

காற்று மாதிரிப் பரிசோதனை கொஞ்சம் கனமான ஆள். சிறு பம்பை வைத்து, வழக்கமாக நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஐந்து நிமிடம், அதாவது 75 லிட்டர் காற்றை ஒட்டும் சில்லின் மேல் இழுப்பார்கள். வெளியிலும் ஒன்று எடுப்பார்கள், ஒப்பிட. பல நூறு டாலர் ஆகும். அறிக்கை பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் அது அந்த ஐந்து நிமிடத்தின் கதை மட்டும்தான். ஏசி ஓடியதா, யாராவது கம்பளத்தை மிதித்தார்களா, முந்தின நாள் மழையா என்பதையெல்லாம் பொறுத்து எண் ஏறும், இறங்கும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் என்ற இரண்டு பூஞ்சைகளின் வித்துகளையும் நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாததால் ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். இத்தனை வித்துக்கு மேல் ஆபத்து என்று அமெரிக்காவில் மத்திய அரசு வரம்பு எதுவும் வைக்கவில்லை. அப்படியிருக்க, எண்ணை வைத்துக்கொண்டு பயப்படலாமே தவிர முடிவெடுப்பது கஷ்டம். பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை என்றுதான் சுற்றுச்சூழல் முகமையான இபிஏ சொல்கிறது. தூசியில் 36 வகைப் பூஞ்சையின் மரபணுவைத் தேடும் எர்மி சோதனையும் விற்கிறார்கள். அதை உருவாக்கியதே இபிஏதான். ஆராய்ச்சிக்கு மட்டும்தான் அது என்று சொல்வதும் அதே இபிஏதான்.

இத்தனைக்கும் எதிரே, ஒரு துண்டு செல்லோடேப். கறுப்பின் மேல் ஒட்டி, எடுத்து, உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் சுமார் 50 டாலரில் அது பூசணமா, பூசணம் மாதிரி இருக்கும் வேறேதாவதா என்று சொல்லிவிடுவார்கள். இந்த வழியும், ஏறக்குறைய இந்த விலையும் இபிஏயின் டக்ட் கையேட்டிலேயே இருக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான். ஒரே ஒரு குறை, டேப்பை எங்கே ஒட்டுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு ஐந்தாவது வழி வேண்டும்: நம் மூக்கு, கண், பத்துப் பதினைந்து டாலர் ஈரப்பதமானி. ஏசி போட்ட முதல் ஓரிரு நிமிடம் மட்டும் அடித்து அடங்கும் வாடை பெரும்பாலும் யூனிட்டுக்குள் காற்றைக் குளிர வைக்கும் காயிலிலிருந்தோ அதை ஒட்டிய பெட்டியிலிருந்தோ வருவது. ஏசியை அணைத்தாலும் நிற்காத வாடைக்குச் சுவரையும் கம்பளத்தையும் பார்க்க வேண்டும். வென்ட்டின் இரும்புச் சட்டத்துக்கு வெளியே, சீலிங் பூச்சில் மட்டும் கறுப்பு என்றால் டக்டுக்குள் பூசணம் என்று அர்த்தமில்லை. வென்ட் பெட்டிக்கும் சீலிங் பலகைக்கும் இடையே உள்ள இடுக்கில் அட்டிக்கின் ஈரக்காற்று இறங்கிக் குளிர்ந்த தகட்டில் வியர்த்திருக்கலாம். அந்த இடுக்கை அடைக்க ஒரு குழாய் சீலன்ட் போதும்.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. காலையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் தாளிப்பு. அந்தக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் காற்றோடு சுற்றி வந்து வென்ட் இதழ்களில் மையாகப் படியும். டிஷ்யூவால் தேய்த்தேன், கண்மை மாதிரி ஒரே இழுப்பாக வந்தது. பூசணம் பெரும்பாலும் தனித்தனி வட்டப் புள்ளிகளாகத் தொடங்கும், ஈரம் இருந்தால் மெத்தென்றும் இருக்கும். பருத்திக் குச்சியில் ஒரு சொட்டு பிளீச் தொட்டு வைத்தால் பூசணம் வெளுக்கும், கரி வெளுக்காது. இது குறிப்புதான், தீர்ப்பில்லை. இதழைக் கழற்றி வெளியே கொண்டுபோய்ச் செய்யுங்கள். டக்டுக்குள் பிளீச் அடிக்கவே அடிக்காதீர்கள்.

அப்புறம் ஒரு காலை நேரம், பிரேக்கரை இறக்கிவிட்டு, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு அட்டிக்கில் ஏறினேன். யூனிட்டின் கதவைத் திறந்ததும் அதே வாடை, இன்னும் அடர்த்தியாக. காயிலிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கும் டிரெயின் தட்டில் அரை அங்குலத் தண்ணீர் தேங்கியிருந்தது. காயிலுக்கு அடுத்த பெட்டியின் உள்ளே, கறுப்புப் பஞ்சுப் பூச்சின் மேல் சாம்பல் பச்சையில் காசு காசாகப் புள்ளிகள். கீழே வென்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டு டேப் அனுப்பினேன். வென்ட்டில் எடுத்ததில் கரியும் தூசியும்தான் என்று வந்தது. பெட்டியில் எடுத்ததில் கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சை, வளரும் நிலையில். 2,400 டாலர் கேட்டவர் சுத்தம் செய்வதாகச் சொன்னது, பூசணம் இல்லாத பக்கத்தை!

பஞ்சுப் பூச்சு நனைந்து பூசணம் பிடித்துவிட்டால் அதைக் கழுவிக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்பதே இபிஏயின் கருத்தும். வெறும் தகரமாக இருந்தால் துடைக்கலாம். எங்களுக்கு அந்தப் பெட்டியையும் அதை ஒட்டிய நான்கடி டக்டையும் மாற்றி, டிரெயின் அடைப்பை எடுத்ததோடு வேலை முடிந்தது. வீட்டில் ஆஸ்துமாக்காரரோ, நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால் பூஞ்சையின் பெயர் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். எந்த வகையானாலும் அகற்றத்தான் போகிறோம். நிறத்தை வைத்து விஷம் என்று முடிவு கட்டுவதும் வேண்டாம்.

ஈரப்பதமானியின் பங்கு பிறகுதான் வந்தது. வேலை முடிந்த வாரமும் அது 64 காட்டியது. 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30க்கும் 50க்கும் நடுவே இருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆட்டோ'வில் இல்லாமல் 'ஆன்'இல் கிடந்தது. குளிர்விப்பது நின்ற பிறகும் ஃபேன் ஓடி, காயிலில் ஒட்டிய தண்ணீரைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. யார் மாற்றினார்கள் என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்க்கிறோம். 'ஆட்டோ'வுக்குத் தள்ளியதும் மூன்றாம் நாள் 55. சாம்பிராணி மட்டும் இப்போது பின்கட்டு ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுகிறோம்.