கீழக்கரை ஆர்மோனியப் பட்டறையும் அப்பாவின் பெட்டியும்

கீழக்கரை பேருந்து நிலையத்தில் இறங்கி, "ஆர்மோனியம் ரிப்பேர் பண்ற பாய் கடை எங்க?" என்று கேட்டால் போதும், வழி சொல்லிவிடுவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடற்கரைக்கு இறங்குகிற சந்தில், பாதி வாசலை மறைத்து, பக்கீர்மார்கள் தட்டிப் பாடுகிற தப்ஸ் என்னும் தோல் வாத்தியத்தின் வளையங்கள் தொங்கும். உள்ளே ஒரு ஆள் உட்காரத்தான் இடம். வந்தவர் நின்றபடிதான் பேச வேண்டும். மூன்று மாதமாக இந்தக் கடையைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஆர்மோனியத்தை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தங்கச்சிமடம், பள்ளிக்கூடத்தில் வேலை. கிராமங்களில் விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்துக்கு அப்பா ஆர்மோனியம் வாசித்தவர். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கக் கிராமங்களில்தான் அவருக்கு ராத்திரி. அம்மா ஸ்த்ரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம். வள்ளி திருமணத்தில் வள்ளி, சத்தியவானில் சாவித்திரி. மேடையில் அப்பா வாசித்தது கால் ஆர்மோனியம். காலால் மிதித்துக் காற்றடிப்பதால் இரண்டு கையும் கட்டைக்கு வரும். வாசித்துக்கொண்டே பின்பாட்டும் பாட வேண்டும். எந்தக் கட்டையை 'ச' என்று வைத்துப் பாடுகிறார்களோ அதுதான் அவர்களுடைய சுருதி. ஒரே ராத்திரியில் கதாநாயகனான ராஜபார்ட் ஒரு கட்டை, ஸ்த்ரீபார்ட் வேறு கட்டை, பபூன் இன்னொரு கட்டை என்று பாடுவார்கள். யார் எங்கே எடுத்தாலும் அந்த நொடியே கை அங்கே போய் நிற்க வேண்டும். கால் ஆர்மோனியத்தை வீட்டுக் கஷ்டத்தில் விற்றுவிட்டோம். மிஞ்சியது, வீட்டில் அம்மா பாட்டுப் பாடம் பண்ணுவதற்கு வைத்திருந்த கைப்பெட்டி மட்டும்தான். ஒவ்வொரு கட்டைக்கும் காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற பித்தளை நாக்கு, அதாவது ரீடு, இரண்டிரண்டு; மூன்று ஸ்தாயி.

அப்பா போய் ஒன்பது வருசம் அந்தப் பெட்டி ஜன்னலோரம் கிடந்தது. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று இரும்பையே தின்னும்போது பித்தளை ரீடு எந்த மூலைக்கு? போன வருசம் திறந்து வாசித்தால் பாதிக் கட்டை ஊமை, மீதியில் கரகரப்பு. ஒரு கட்டை கை எடுத்த பிறகும் நிற்காமல் அழுதுகொண்டே இருந்தது. முதலில் ஒரு பெரிய ஊர்க் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிரலாம், இல்லாட்டி கீபோர்டு வாங்குங்க" என்றார்கள். நான் கெஞ்சிக் கேட்டதால் துருத்தியில் ஏதோ பசை தடவி எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பசை விட்டுவிட்டது.

கீழக்கரைக் கடையைச் சொன்னது ஏர்வாடியில் என்னோடு பயிற்சி வகுப்புக்கு வந்த ஆசிரியர் ஒருவர். பெட்டியைச் சேலையில் சுற்றி, ராமநாதபுரத்தில் பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெட்டியை வாங்கியவர் கட்டையைத் தொடவே இல்லை. முதலில் முகர்ந்து பார்த்தார். "ஜன்னல் பக்கம் வச்சிருந்தியாம்மா?" என்றார். பிறகு மூடியைக் கழற்றி, ரீடுப் பலகையை வெளியே எடுத்துத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வரிசையாகப் பித்தளை நாக்குகள், அவற்றின் மேல் பாசி மாதிரிப் பச்சைக் களிம்பு. பெட்டிக்குள் கரப்பான் தின்ற கம்பளித் துணுக்குகள், கூடவே அப்பாவின் பீடித் தீக்குச்சி ஒன்று. அந்தத் தீக்குச்சியை அவர் தூக்கி எறியவில்லை. பேசாமல் என் கையில் கொடுத்தார்.

"புளி கிளி போட்டுத் தேய்ச்சியா?"

"இல்ல பாய்."

"நல்ல வேளை. புளி போட்ட பித்தளை பளபளன்னு இருக்கும், சுருதி போயிரும்."

ஒவ்வொரு நாக்குக்கும் அடியில் சவரப் பிளேடின் பாதியைத் தாங்கலாகச் செருகி, உலர்ந்த தூரிகையால் களிம்பைத் தட்டி எடுத்தார். உப்பு ஏறிய இடத்தில் நாக்கு கனத்துச் சுருதி இறங்கியிருக்கும். அரித்துப் போன இடத்தில் ஏறியிருக்கும். அதனால் சுத்தம் பண்ணி முடித்த பிறகு ஒவ்வொன்றையும் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆணி அடித்த பக்கம் சுரண்டினால் சுருதி இறங்கும், நுனியைச் சுரண்டினால் ஏறும். ஒரு மயிரிழை கூடிப்போனாலும் எதிர்ப்பக்கம் சுரண்ட வேண்டும், நாக்கு மெலிந்துகொண்டே போகும். அவர் கைபேசிச் செயலி எதையும் வைத்துக்கொள்வதில்லை. தன்னிடம் இருக்கிற ஒரு பழைய பெட்டியின் ரீடோடு என் ரீடைச் சேர்த்து ஊதவைத்தார். இரண்டும் சேராதபோது ஒலியில் 'வவ்வவ்வவ்' என்று ஒரு அலை ஓடும். சுரண்டச் சுரண்ட அந்த அலை நீண்டு, சோம்பி, கடைசியில் நின்றது. கடலில் காற்று அடங்குகிற மாதிரி இருந்தது எனக்கு. ஒரு ரீடுக்கு இவ்வளவு. பெட்டியில் எழுபதுக்கு மேல் ரீடு.

உடைந்திருந்த இரண்டு நாக்குக்கு மாற்று போட்டார். குஜராத்தில் பாலிதானா என்கிற ஊர் ஆர்மோனிய ரீடுக்குப் பேர் போனது. அங்கேயிருந்து வந்த பழைய ரீடுகளை, செத்துப்போன பெட்டிகளிலிருந்து கழற்றி, தகர டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறார். புது ரீடு போட்டால் பக்கத்து ரீடுகளோடு குரல் சேராது என்று பழசிலேயே தேடி எடுத்தார்.

இந்தப் பெட்டி எப்படி நம் கைக்கு வந்தது என்பதையும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். 1840களில் பாரிஸில் அலெக்சாண்டர் டெபேன் செய்தது காலால் மிதிக்கிற மேசை மாதிரியான வாத்தியம். நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வாசிக்க முடியும். 1875-ல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கைத்துருத்திப் பெட்டியாக்கித் தரையில் இறக்கினார். தரைக்கு வந்ததும் பஜனை மடம், நாடகக் கொட்டகை, தேவாலயம், தர்கா என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகத்தை ஆர்மோனியம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? நாடக மேடையில் பாடி நடித்த கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் வாசித்ததை அப்பா வாரம் ஒரு தடவையாவது சொல்வார், நேரில் பார்த்தவர் மாதிரி. அப்பா பிறப்பதற்கு முன்பே கிட்டப்பா போய்விட்டார்.

இவ்வளவு செல்வாக்காக இருந்த வாத்தியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. பன்னிரண்டு ஸ்வரமும் ஆணி அடித்தது போல நிற்கும், ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகம் வராது என்பது காரணம். 1971-ல்தான் தளர்த்தினார்கள். அந்த முப்பது வருசமும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கமகம் வராது என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒலிபெருக்கி இல்லாத பொட்டலில், நாலு ஊர்ச் சனத்துக்கு முன்னால், ஒரு நடிகையின் தொண்டையைக் காலை நான்கு மணி வரை தாங்கிப் பிடிக்க வேறு எந்த வாத்தியத்தால் முடிந்திருக்கும்?

இனிச் சொல்வதுதான் இந்தக் கடையைப் பற்றி நான் எழுத உட்கார்ந்த காரணம். நான் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் வாரம் பாயிடமிருந்து போன்.

"ஏம்மா, ஏழாவது வெள்ளைக் கட்டை நடு ஸ்தாயில மட்டும் இறங்கியிருக்கு. துரு இல்ல, களிம்பு இல்ல. ஆணிப் பக்கம் யாரோ வேணும்னே சுரண்டியிருக்காங்க. ரெண்டு ரீடுலயும் ஒரே அளவு. கை தெரிஞ்ச ஆளுதான் பண்ணியிருக்கணும். உங்க வீட்ல யாராச்சும் 5 கட்டையில பாடுவாங்களா?"

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அம்மாவுக்குச் சுருதி 5 கட்டை. அதாவது ஐந்தாவது வெள்ளைக் கட்டைதான் அவருக்கு 'ச'. அப்படி வைத்தால் ஏழாவது வெள்ளைக் கட்டைதான் 'க', அந்தர காந்தாரம். தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால் அதற்குள்ளேயே ஒரு காந்தாரம் தானாகக் கேட்கும், சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஆர்மோனியத்தில் ஸ்வரங்களைச் சமமாகப் பிரித்துச் சேர்க்கும்போது வருகிற காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய 14 பங்கு. சின்ன வித்தியாசம்தான். ஆனால் அம்மா காந்தாரத்தில் நின்று நீட்டும்போது அந்தத் தூக்கல் குரலோடு உரசும். அப்பா அந்த ஒரு கட்டையை மட்டும் அம்மாவின் குரலுக்கு இறக்கி வைத்திருக்கிறார். மேடைப் பெட்டியில் அதைச் செய்ய முடியாது, ஆளுக்கொரு கட்டையில் பாடுவார்களே. வீட்டுப் பெட்டியில் பாடுவது அம்மா ஒருத்திதான்.

"சரி பண்ணிட்டா எல்லாக் கட்டைக்கும் பொதுவா நிக்கும். இப்படியே விட்டா 3 கட்டையில வாசிக்கிறப்ப அதுதான் பஞ்சமம், இடிக்கும். நீ சொல்றபடி செய்றேன்" என்றார் பாய்.

"தொடாதீங்க பாய்" என்றேன்.

கேட்காமலே சரி பண்ணியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டோம், எனக்குத் தெரிந்தேயிருக்காது. பிளேடை வைப்பதற்கு முன்னால் போன் பண்ணிக் கேட்டார் பாருங்கள், அதற்காக நான் இந்தக் கடைக்கு எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்புவேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாள் என்றார், நாற்பத்திரண்டு நாள் ஆயிற்று. இடையில் இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பினேன், ஒரு தடவை கடையே பூட்டிக் கிடந்தது. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா நெருங்கும்போது பக்கீர்மார்களின் தப்ஸ் வேலை குவிந்துவிடுகிறது. ஈரக்காற்றில் ஆட்டுத்தோல் தளர்ந்துபோகும். புதுத் தோலை ஊறவைத்து, வளையத்தில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவைக்க வேண்டும். அவசரப்படுத்த முடியாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வீணாக அலைந்திருக்க மாட்டேன். பில் கிடையாது, நோட்டில் எழுதிக் காட்டுவார். மொத்தம் 4,600 ரூபாய். துருத்திக்குப் புதுத் துணி, தோல், கட்டைகளுக்கு அடியில் புதுக் கம்பளி, ரீடு வேலை எல்லாம் சேர்த்து. என்னைப் பொறுத்தவரை குறைவு.

வாங்கப் போன அன்று பெட்டியை மூன்று விதமாக வாசித்துக் காட்டினார். முதலில் நாடகத்தில் ராஜபார்ட் உள்ளே வரும்போது வாசிக்கிற விறுவிறுப்பான வரவு. அடுத்து ஒரு முனாஜாத்து. அல்லாவிடம் இறைஞ்சுகிற பாட்டு அது. மெதுவாகப் போகும், நீண்ட கார்வை. துருத்தியில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் அந்தக் கார்வையில் தெரிந்துவிடும் என்றார். மூன்றாவதாக, நான் எதிர்பார்க்காத பைலா! வாலிப வயதில் கொழும்பில் ஏழு வருசம் வேலை பார்த்தவராம். போர்த்துகீசியர்களும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களும் இலங்கையில் விட்டுப்போன தாளம் அது, ஆறு ஆறாகத் துள்ளும். இந்தக் கரையில் எங்கள் தலைமுறை வரை இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள்தானே. சிலோன் மனோகரின் 'சுராங்கனி' தங்கச்சிமடத்துக் கல்யாண வீடுகளில் ஒலிக்காத நாள் உண்டா? வேகமாக அடிக்கும்போது கட்டைகள் திரும்பி எழும்புகிறதா என்று பார்க்க இதைவிடப் பரீட்சை இல்லை என்றார். சந்தில் போன மீன்காரம்மா கூடையோடு நின்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அம்மா முன்னால் வைத்தேன். ரீடு விஷயம் எதுவும் சொல்லவில்லை. 5 கட்டையில் சட்ஜமம் பிடித்தேன். அம்மா பாயில் உட்கார்ந்தபடியே வள்ளி தினைப்புனத்தில் பாடுகிற பாட்டை எடுத்தார். குரல் நடுங்கியது, மூச்சு பாதியில் நின்றது. காந்தாரத்துக்கு வந்ததும் நான் அந்தக் கட்டையை அமுக்கினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு, "அவுக பெட்டிதான்" என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. ஆர்மோனியம், தப்ஸ், டோலக் மூன்றும்தான் பார்ப்பார். கீபோர்டு கொண்டுபோகாதீர்கள். நாதஸ்வரம் என்றால் நரசிங்கம்பேட்டைக்குப் போகச் சொல்லிவிடுவார். பெட்டியைத் திருப்பித் தரும்போது உள்ளே வைக்க வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தருகிறார், கரப்பான் வராமலிருக்க. கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்கக் கூடாது, பருத்தித் துணியால் மூட வேண்டும், தினமும் பத்து நிமிடமாவது வாசித்துக் காற்று ஓடவிட வேண்டும். சந்தனக்கூட்டுக்கு முந்தின மாதம் மட்டும் போகாதீர்கள். அது முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனால், பாய் உங்கள் பெட்டியோடு ஆற அமர உட்காருவார்.